என் ஒப்பாரியை நான் கேட்ட நாள்

திருப்பதியில் நான் எம்.சி.ஏ. படித்த காலத்தில், பெண்கள் விடுதியின் இரும்புக் கதவை சாயங்காலம் ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள். ஆறு என்றால் ஆறுதான். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வாட்ச்மேன் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். மலைக்கு மேலே இருக்கிற சாமியைக்கூட ராத்திரியில் பார்த்துவிடலாம், கீழே இருக்கிற எங்களை ஆறு மணிக்கு மேல் ஒருத்தரும் பார்க்க முடியாது என்பாள் என் அறைத்தோழி. அவள் காளஹஸ்திக்காரி. தெலுங்கில் அவள் வாயைத் திறந்தால், எதிரில் இருப்பவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

ஆறு மணிக்கு அறைக்குள் போவதில் உங்களுக்கு என்னம்மா கஷ்டம் என்று அப்போது பலரும் கேட்டார்கள். கம்ப்யூட்டர்தான் கஷ்டம். தொண்ணூறுகளின் கடைசி அது. பெங்களூர், ஐதராபாத், அமெரிக்கா என்று டீக்கடையில்கூடப் பேசிக்கொண்டிருந்த நேரம். எங்கள் பல்கலைக்கழகத்திலோ கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றே ஒன்றுதான். பகலெல்லாம் அங்கே வகுப்பு நடக்கும். சொந்தமாக உட்கார்ந்து புரோகிராம் எழுதிப் பழக, ஆறு மணியிலிருந்து எட்டரை வரை நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதாவது, பையன்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். நாங்கள் அந்த நேரத்தில் விடுதி மொட்டை மாடியில் நின்று, சென்டரின் ட்யூப்லைட் வெளிச்சத்தை வேடிக்கை பார்ப்போம். நாங்கள் நோட்டில் பேனாவால் புரோகிராம் எழுதினோம். அது ஓடுமா ஓடாதா என்று நோட்டு சொல்லாது.

எனக்கு அது வெறும் படிப்பு விஷயம் இல்லை. நகரி பக்கத்தில், தமிழ் பேசுகிற எல்லையோர கிராமம் எங்களுடையது. கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் வேர்க்கடலை. எங்கள் தெருவில் இருந்து காலேஜுக்கு மேலே படிக்கப் போன முதல் பெண் நான். நைனா என்று நான் கூப்பிடும் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டுத்தான் அனுப்பினார். கடைசி வருஷம் முடிவதற்குள் வேலை கிடைத்தால் போகலாம், இல்லையென்றால் அத்தை பையனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அத்தை பையன் நல்லவன்தான். ஆனால் அவனுக்குப் பேச்சென்றால் லாரி, மூச்சென்றால் லாரி. அந்த வருஷம் பெங்களூரிலிருந்து கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வருவதாக இருந்தது. விரல் பழகாமல் அவர்கள் முன்னால் போய் உட்கார்ந்தால் என் கதி லாரிதான்.

கதவை எட்டரை வரை திறந்து வையுங்கள் என்று கேட்டோம். துணைவேந்தர் எங்களைப் பார்க்கவே இல்லை. அப்புறம் கமிட்டி போட்டார். கமிட்டியில் இருந்த எல்லோருக்கும் மீசை இருந்தது. அந்தக் கமிட்டி ஒரு தடவை டீ குடித்துவிட்டுக் கலைந்தது. அதற்குப் பிறகு, வெளியாட்கள் எங்களைத் தூண்டிவிடுவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். வெளியாட்களைப் பார்க்க எங்களை எங்கே விட்டார்கள் இவர்கள் என்று எனக்கு வந்த கோபத்தில், அந்த நோட்டீசைக் கிழித்து அதிலேயே வேர்க்கடலை மடித்துத் தின்றோம்.

திருப்பதியில் மாணவர் போராட்டம் என்றால் முதலில் ஷாமியானா, அடுத்தது ரிலே உண்ணாவிரதம். தினமும் ஒரு கும்பல் காலையிலிருந்து சாயங்காலம் வரை பட்டினி இருக்கும். முடிவில் யாராவது பெரிய மனிதர் வந்து எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுப்பார். மறுநாள் வேறு கும்பல் உட்காரும். நாங்களும் நிர்வாகக் கட்டிடத்துக்கு எதிரில் ஷாமியானா போட்டு உட்கார்ந்தோம். அதில் இருந்த வேடிக்கையை முதல் நாள் சாயங்காலம்தான் கவனித்தோம். ஆறு மணிக் கதவை எதிர்த்து நடந்த எங்கள் போராட்டம், ஆறு மணிக் கதவுக்குப் பயந்து ஆறுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. ஜூஸை வாயில் ஊற்றிக்கொண்டு, கொடியைச் சுருட்டிக்கொண்டு, எல்லோரும் விடுதிக்கு ஓடினோம். துணைவேந்தர் ஜன்னலில் நின்று சிரித்ததைப் பார்த்ததாக என் தோழி சத்தியம் செய்தாள்.

அரசியல்வாதிகளும் வந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர் கேபிள் டிவி கேமராவோடு வந்து, இந்தப் பெண்களுக்காக உயிரையும் கொடுப்பேன் என்றார். கேமரா போன உடனே அவரும் போய்விட்டார். ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. வரவில்லை, ஒரு கூட்டத்தில் பேசினார். பெண் பிள்ளைகள் வீட்டு மகாலட்சுமிகள், விளக்கு வைத்த பிறகு மகாலட்சுமி வெளியே போகலாமா என்று கேட்டார். மகாலட்சுமிக்கு வேலை கிடைக்கவில்லையென்றால் யார் பொறுப்பு என்று அவரிடம் கேட்க அங்கே யாரும் இல்லை.

கடைசியில் துணைவேந்தர், தனக்குப் பெரிய ஆயுதம் என்று நினைத்ததை எடுத்தார். பெற்றவர்களை வரவழைத்தால் அவர்களே முதுகில் நாலு வைத்து இழுத்துக்கொண்டு போவார்கள் என்பது கணக்கு. அலுவலகத்தில் யாரோ எங்கள் வீடுகளுக்கெல்லாம் தந்தி அடித்துவிட்டார்கள். தந்தியில் நீட்டி முழக்க முடியாது அல்லவா? பெண்ணின் பெயரைப் போட்டு, உடனே வரவும் என்று முடித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து கிராமங்களில் தந்தி வந்தால் அதை யாரும் படிப்பதில்லை. தந்திக்காரரின் சைக்கிள் தெருவில் திரும்பியதுமே அழ ஆரம்பித்துவிடுவார்கள். இது அந்த அலுவலகத்துக்குத் தெரியவில்லை. எங்களுக்கோ, தந்தி போனதே தெரியவில்லை.

மறுநாள் பட்டினி என் முறை. மத்தியானம் தாண்டி, வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மெயின் கேட் பக்கமிருந்து ஒரு கூட்டத்தின் சத்தம் கேட்டது. நமக்கு ஆதரவாக யாரோ ஊர்வலம் வருகிறார்கள் என்று சொல்லி எங்கள் பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஜிந்தாபாத் போட்டார்கள். அதையும் மீறி ஒரு குரல் மேலே எழும்பி வந்தது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். என் பெரியம்மாவின் குரல். எங்கள் ஊரில் சாவு என்றால் முதலில் பெரியம்மாவைத்தான் கூப்பிடுவார்கள்.

"பட்டணத்துப் படிப்புக்குன்னு பஸ்ஸேறிப் போனவளே,
பத்து ஊரு பொண்ணுங்கள்ல படிச்சவ நீ ஒருத்தியே,
கம்பூட்டரு தட்டுன கை கட்டையில போவுதே..."

யாருக்கோ பாடுகிறாள் என்று ஒரு நிமிஷம் பரிதாபப்பட்டேன். அடுத்த வரியில் என் பெயர் வந்தது.

செருப்பில்லாமல் ஓடினேன். வேன் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, எங்கள் தெருவே மாரில் அடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் அவர்களைப் புதிய சங்கம் என்று நினைத்து, அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்தார். பெரியம்மா என்னைப் பார்த்தாள். ஒப்பாரியை நிறுத்த மறந்து, அதே ராகத்தில் கேட்டாள்.

"நீ சாவலியாடீ?"

"இல்ல பெரிம்மா!"

அம்மா என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். விட்ட கையாலேயே என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு, என் தலையை, தோளை, கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். நைனா தார் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியை அன்றைக்கு முழுக்க விடவில்லை.

ஒவ்வொன்றாக வண்டிகள் வந்தன. சத்தியவேட்டிலிருந்து ஜீப், புத்தூரிலிருந்து டிராக்டர். எல்லாவற்றிலும் அழுகை. ஒவ்வொரு பெண்ணாக ஓடிப்போய் தான் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. காட்டிய இடத்திலெல்லாம் அழுகை அப்படியே சிரிப்பாகிவிட்டது. அத்தனை பேர் ஒரே நேரத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. யாரோ வேனிலிருந்து புளிச்சோற்றை எடுத்தார்கள். உண்ணாவிரதமாவது ஒன்றாவது, அம்மா உருட்டி உருட்டி என் வாயில் திணித்தாள்.

"துன்னுடி. எவன் கேக்கறான்னு பாக்கறன்."

தந்தி எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் காற்று திசை மாறியது. அம்மா நிர்வாகக் கட்டிடத்தின் படியில் ஏறி நின்றுகொண்டு கத்தினாள்.

"நகரியிலேர்ந்து அழுதுகினே வந்தன்டா! உயிரோட இருக்கற பொண்ணுக்கு எவன்டா சாவுத் தந்தி குடுத்தது? வெளிய வா!"

என் கோபம் எங்கிருந்து வந்தது என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்த என் தோழி, இனிமேல் கேட்கமாட்டேன் என்றாள்.

கூட்டம் சேர்ந்த செய்தி எம்.எல்.ஏ.வுக்கு எட்டிவிட்டது. ஜூஸ் டம்ளரோடு ஆட்கள் சூழ வந்து இறங்கினார். உண்ணாவிரதத்தை முடித்து வைக்க வந்தவர், வாய் நிறையச் சோற்றோடு நின்ற எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். பெரிய மனிதர் வந்திருக்கிறாரே என்ற பதட்டத்தில், சத்தியவேட்டுக்காரர் ஒருவர் கையிலிருந்த மாலையை அவர் கழுத்தில் போட்டார். அந்த மாலை எதற்காக வாங்கப்பட்டது என்பது எம்.எல்.ஏ.வைத் தவிர அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அவர் கும்பிட்டார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றோம்.

அதற்குப் பிறகுதான் துணைவேந்தர் வெளியே வந்தார். தந்தி ஏதோ தவறுதலாகப் போய்விட்டது என்றார். ஆனால் பெற்றவர்கள் வந்ததும் நல்லதற்குத்தான், நீங்களே சொல்லுங்கள், உங்கள் பெண்கள் எட்டரை வரை வெளியே சுற்றுவது உங்களுக்குச் சம்மதமா, உங்கள் வார்த்தைதான் கடைசி என்றார். கெட்டிக்காரர். எம்.எல்.ஏ.வும் தலையை ஆட்டினார்.

பெற்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஊரில் யார் என்ன பேசுவார்கள் என்ற யோசனை அந்த முகங்களில் திரும்பி வருவது எனக்குத் தெரிந்தது. நைனா என்னைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தபடியே ஒரு அடி முன்னால் போனார்.

"மா பிள்ள சச்சிபோயிந்தனி வச்சினாம் சார்," என்றார். எங்கள் பிள்ளை செத்துப்போய்விட்டாள் என்றுதான் வந்தோம் என்று. அதற்கு மேல் தெலுங்கு வரவில்லை. தமிழுக்கு மாறிவிட்டார்.

"வண்டில வர்றப்ப சாமிய ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கினு வந்தன். அவள குடுத்துடு, அவ என்னா கேட்டாலும் நான் குடுத்துடறன்னு. சாமி குடுத்துட்டாரு. இப்ப என் பொண்ணு எட்டரை மணி கேக்கறா. நான் எப்பிடி சார் இல்லன்றது?"

துணைவேந்தருக்குத் தமிழ் தெரியும். தெரியாதவர்களுக்கு என் தோழி தெலுங்கில் சொன்னாள். அந்த ஒரு தடவை அவள் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. புத்தூர் டிராக்டரில் வந்த அம்மா ஒருத்தி, எனக்கும் அதேதான் என்றார். அதன்பின் எல்லாப் பக்கமிருந்தும் குரல்கள் எழுந்தன. எம்.எல்.ஏ. மாலையைச் சரிசெய்துகொண்டு, ஆரம்பத்திலிருந்தே தான் மாணவிகள் பக்கம்தான் என்று அறிவித்தார். சோதனை முறையில் இன்று முதல் எட்டரை என்றார் துணைவேந்தர். அந்தச் சோதனை நான் படிப்பை முடிக்கும்வரை முடியவே இல்லை.

ஊர்க்காரர்கள் வேனில் ஏறத் தொடங்கினார்கள். நைனா இன்னும் என் மணிக்கட்டை விடவில்லை. இரும்பு சூடாக இருக்கும்போதே அடித்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"நைனா, என்னா கேட்டாலும் குடுக்கறன்னு சாமிகிட்ட சொன்னியே."

"ஆமாம்மா."

"வேல கெடச்சாலும் கெடைக்கலன்னாலும், நானா சொல்றவரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம்."

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா வேன் படியில் ஒரு காலை வைத்தபடி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கறதெல்லாம் இன்னிக்கே கேட்டுக்கடி," என்றாள். "நாளிக்கி நான் பழைய அம்மாவா ஆயிடுவன்."

நைனா சிரித்தார். சரி என்று சொல்லிவிட்டு, அப்போதுதான் என் கையை விட்டார்.