நாலு ஸ்பூன் தீவனம்

எழுபதுகளில் எலப்புள்ளியில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தேன். ஒரு கோடையில் கோழிகள் ஓயாமல் தண்ணீர் குடித்தன. எச்சம் நீராகப் போனது, முட்டை பாதியாகக் குறைந்தது. தீவனத்தில்தான் கோளாறு என்று மில்லில் போய்ச் சண்டை போட்டேன். மறுநாள் ஒருவரை அனுப்பினார்கள்.

நெடுநெடுவென்று ஒல்லியானவர். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு ஸ்பூனும் செருகியிருந்தார். வெயில்தான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ மூட்டையைப் பிரித்து, நாலு ஸ்பூன் தீவனத்தை நிதானமாக மென்று விழுங்கினார்.

"ஏனுங்க, ருசி பாத்துட்டுத் துப்பிறலாமுங்களே?" என்றேன்.

"நாக்குக்கு உப்பு மட்டுந்தானுங்க தெரியும். தாகம் எடுக்குதான்னு உள்ள போனாத்தான் தெரியும்."

கூண்டுகளுக்கு எதிரே உட்கார்ந்து கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி கழித்து ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். பிறகு இன்னொரு சொம்பு.

"தீவனத்துல கலக்குற கருவாட்டுத் தூள்ல உப்பு தூக்கலுங்க. உங்க கோழி மேல தப்பில்லீங்க," என்றார். "நல்ல மூட்டை நாளைக்கு வந்துருமுங்க."

வந்தது. லாரிக்காரரிடம் அவரைப் பற்றி விசாரித்தேன்.

"மில்லுல மிச்ச மூட்டையெல்லாம் தின்னு பாத்துட்டிருக்காருங்க," என்றார் லாரிக்காரர். "ஒரு குடம் தண்ணி காலிங்க."