அண்ணன் உட்கார்ந்து பார்க்காத டிவி

அம்மா இருக்கும் பழைய வீட்டுச் சுவரில் அந்தக் கறுப்புக் கண்ணாடி இன்னும் மாட்டியபடியே இருக்கிறது. அதில் படம் ஓடி நெடுங்காலம் ஆகிவிட்டது. உப்புக்காற்று உள்ளே புகுந்து எதையெதையோ அரித்துவிட்டது என்று பழுது பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனாலும் அம்மா அதை ஈரத்துணியால் துடைத்துத்தான் வைத்திருக்கிறாள். பகலில் கதவு திறந்திருக்கும்போது வாசலில் யார் வந்து நின்றாலும் அந்தக் கண்ணாடியில் ஓர் ஆள் தெரியும். முகம் தெரியாது. நிற்கிற விதம் மட்டும் தெரியும்.

அதை வாங்கி வந்தவன் என் அண்ணன். அப்பா போனபோது நான் கைக்குழந்தை, அக்கா சிறுமி. அண்ணன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவுடன் உப்பளத்துக்குப் போனான். பாத்தியில் உப்பை வாரிக் கூடையில் ஏற்றித் தலையில் சுமந்துபோய் மேட்டில் கொட்டுகிற வேலை. பிறகு உப்பு லாரியில் கிளீனராக ஏறி, வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, அங்கிருந்து குவைத்துக்கு ஒரு பணக்கார வீட்டின் டிரைவராகப் போய்ச் சேர்ந்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். அந்தப் படியை யார் தலையில் வைத்து ஏறினேன் என்பது எனக்குத் தெரியும். அவனிடம் அதைச் சொன்னால் மட்டும் பிடிக்காது. "படிக்கிறவன் படி. பெரிய பேச்சு பேசாத" என்று முடித்துவிடுவான்.

சுனாமி வந்த மறு வருஷம் கோடையில், அக்கா கல்யாணத்துக்காக விடுப்பில் வந்தான். சென்னையிலிருந்து அவன் வந்த வேனின் பின்னால் மரச்சட்டம் அடித்த தட்டையான பெட்டி ஒன்று இருந்தது. நாலு பேர் பிடித்து இறக்கினோம். எதிர்வீட்டுப் பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏம்பா, கதவா வாங்கினு வந்திருக்க? நம்மூர்ல கதவே கெடைக்காதா?" என்றாள். பெட்டியைப் பிரித்ததும் அவளே, "அடி ஆத்தீ, படுத்துத் தூங்கலாம் போல இருக்குதே!" என்று வாயில் கை வைத்தாள்.

பிளாஸ்மா டிவி. அந்தப் பெயரையே அன்றுதான் கேட்டோம். முதலாளி வீட்டில் அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கிவிட்டார்களாம். பழையதை அண்ணன் தன் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி வாங்கியிருந்தான். இருக்கிற செலவில் இது எதற்கு என்று அம்மா முணுமுணுத்தபோது, சுவரில் ஆணிக்கு அளவு பார்த்துக்கொண்டே சொன்னான்: "அந்த வூட்ல ஹால் வாசல்ல நின்னுனுதான் இத பாப்பேன்மா. எப்பக் கூப்டுவாங்களோ, ஓடணும். ஒக்கார முடியாது. எத்தினி ஃபுட்பால் மேட்ச் நின்னுனே பாத்திருக்கேன் தெரியுமா? நம்ம வூட்ல மாட்டி, கால நீட்டி ஒக்காந்து ஒரு மேட்ச் பாக்கணும். அவ்ளோதான்."

எங்களுடையது அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு. ஒரே அறை. டிவியை மாட்டியபின் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தால்கூட படம் முகத்தில் வந்து மோதியது. செய்தி வாசிப்பவரின் ஒரு காது எனக்கும் இன்னொரு காது அக்காவுக்கும் தெரிந்தது. அதைச் சரியாகப் பார்க்க வேண்டிய தூரம் எங்கள் வீட்டுக்குள் இல்லை. அது வாசலைத் தாண்டித் தெருவில் இருந்தது. ஆகவே தெருவில் பாய் விரித்து உட்கார்ந்த அக்கம்பக்கத்தார்தான் அதை ஒழுங்காகப் பார்த்தார்கள். டிவியைப் போட்டால் மின்விசிறி முனகிக்கொண்டு மெதுவாகும், பல்பு மங்கும், அறை அடுப்படி போலச் சூடாகும். "காத்து வேணுமா, படம் வேணுமா, ஒண்ணு சொல்லுங்க" என்பாள் அம்மா.

அண்ணன் உட்காரவில்லை. தெருவில் இடம் பிடித்தால் யாராவது ஒரு கிழவனார் வந்துவிடுவார், எழுந்து இடம் கொடுப்பான். நிலைப்படியில் ஒரு தோளைச் சாய்த்து நின்று, குவைத்தில் எப்படிப் பார்த்தானோ அப்படியே பார்த்தான். "அண்ணா, உள்ள வந்து ஒக்காரு" என்றால், "இரு இரு, பந்தல்காரனப் பாத்துட்டு வர்றேன்" என்று சைக்கிளை எடுப்பான். கல்யாணத்துக்கு முன்னால் பந்தல், பாத்திரம், பத்திரிகை. கல்யாணத்துக்குப் பின்னால் மறுவீடு, சீர். எல்லாம் முடிந்தபோது விடுப்பும் முடிந்திருந்தது. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று டிவியை ஒரு பார்வை பார்த்தான். "அடுத்த தபா வந்து ஒக்கார்றேன்டா" என்று சிரித்தான்.

ஐப்பசி மழையில் சேதி வந்தது. குவைத்தில் நெடுஞ்சாலையில் அண்ணன் ஓட்டிய வண்டி கவிழ்ந்துவிட்டது. பெட்டி வந்து சேரப் பல நாள் ஆயிற்று. மூடி முத்திரையிட்ட பெட்டி. திறக்க வேண்டாம் என்று உடன் வந்தவர்கள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். அம்மா அழவில்லை. பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பிறகு, "தலமாடு எந்தப் பக்கம்பா?" என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. ஒரு முனையில் அவளாகவே கையை வைத்துக்கொண்டு, எடுக்கும் வரை அந்தக் கையை எடுக்காமல் நின்றாள். அது தலைதானா, கால்தானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

விளக்கேற்றிப் படம் வைக்கவேண்டும். அண்ணனுக்கு இருந்தது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த சின்னப் படம் ஒன்றுதான். திண்டிவனத்தில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கி வந்தேன். பெரிதாக்கியதில் கண்ணும் மூக்கும் கரைந்து, யாரோ ஒரு கடைக்காரரைப் போல இருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு வூட்டுப் புள்ள?" என்று சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். அப்போது அக்காதான் கல்யாண சிடியை நினைவுபடுத்தினாள்.

கல்யாணம் முழுக்க அலைந்துகொண்டே இருந்தவன் அண்ணன்தான். ஆனால் படத்தில் அவன் விழுந்தது ஒரே ஓர் இடத்தில். பந்தியில் வலது கையில் சாம்பார் வாளியும் இடது கையில் கரண்டியுமாக, வெள்ளைச் சட்டையில் குனிந்து பரிமாறிக்கொண்டிருக்கிறான். வீடியோக்காரர் கூப்பிட, நிமிர்ந்து திரும்பிச் சிரிக்கிறான். உதடு அசைகிறது. மேலே பாட்டு ஓடுவதால் சத்தம் கேட்காது. என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் வீடியோக்காரருக்குப் பின்னால் நான்தான் நின்றிருந்தேன். "டேய், நீ சாப்டியா?" என்றான்.

"நிறுத்து, நிறுத்து, அங்கியே நிறுத்து" என்றாள் அம்மா. நான் ரிமோட்டை அழுத்தினேன். ஆளுயரத்தில் பாதிக்கு அண்ணன் நின்றான். அம்மா விளக்கை எடுத்து டிவிக்குக் கீழே வைத்தாள். காரியம் முடியும்வரை அந்த விளக்கை அணையவிடக் கூடாது. படத்தையும் அணையவிடக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம். மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகும். வந்ததும் சிடியை மறுபடி போட்டு, தாலி கட்டுவதையும் ஆசீர்வாதத்தையும் ஓட்டிக் கடந்து, பந்திக்கு வந்து, அவன் நிமிரும் இடத்தில் நிறுத்துவேன். ஓர் இமைப்பொழுது பிந்திவிட்டால் கண்ணை மூடியிருப்பான். "கொஞ்சம் முன்னாடிப்பா, தூங்கறான் பாரு" என்பாள் அம்மா. மறுபடி ஓட்டுவேன். துக்கம் கேட்க வந்தவர்கள் டிவியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். தெருவில் பாய் விரித்துப் பார்த்தவர்கள்தான் அவர்களும்.

காரியம் முடிந்து டிவியை அணைத்து, சில நாள் கழித்து வேறு எதையோ போட்டபோதுதான் தெரிந்தது. அண்ணன் போகவில்லை. செய்தி வாசிக்கும் பெண்ணின் தோளுக்குப் பக்கத்தில், மங்கிய புகை போல, குனிந்து நிமிர்ந்த உருவம் ஒன்று நின்றது. சேனலை மாற்றினேன். அங்கேயும் நின்றது. திண்டிவனத்திலிருந்து வந்த மெக்கானிக் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பழைய டிவி மாதிரி இல்ல இது. ஒரே படத்த நாள்கணக்கா நிக்க வெச்சா கண்ணாடியிலயே பதிஞ்சிடும். வெளிச்சமா இருக்கற எடம்தான் மொதல்ல தேயும்." அவர் கூடவே ஒரு சிடி கொடுத்தார். அதில் ஒன்றும் இல்லை, வெறும் வெள்ளை. அதை ஓடவிட்டால் மற்ற இடமும் தேய்ந்து சமமாகி, கறை மறைந்துவிடும் என்றார். அம்மா அந்த சிடியை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

அதன்பின் எந்தப் படம் போட்டாலும் அதில் அண்ணனும் இருந்தான். கிரிக்கெட் நடக்கும்போது பச்சைப் புல்லில் தனியாக நின்றான். எதிர்வீட்டுப் பெரியம்மா, "ஏன்டி, உம்புள்ள ஃபீல்டிங் நிக்கிறான் பாரு. பந்து பக்கத்துல போவுது, புடிக்கவே மாட்டேன்றான்!" என்றாள். நான் சட்டென்று அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரித்தாள். "அவன் கையிலதான் பக்கெட்டு இருக்குதே, எப்பிடிப் புடிப்பான்?" என்றாள். பெட்டி வந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் நான் அவளிடம் சொல்லாமல் இருந்தேன். அந்த உருவத்தில் முகம் இல்லை. வெயிலில் கறுத்த முகம் அது, மெக்கானிக் சொன்ன வெளிச்சம் அதில் இல்லை. தவிர, ஒவ்வொரு முறையும் நான் நிறுத்திய இடம் ஒரு மயிரிழை மாறியிருக்கும். கண்ணாடியில் பதிந்தது வெள்ளைச் சட்டையும் வாளியின் பளபளப்பும்தான். எந்த முகத்துக்காக அத்தனை நாள் அணையாமல் காத்தோமோ, அது மட்டும் அதில் நிற்கவில்லை. அம்மாவோ உப்பளத்திலிருந்து வந்ததும் அதற்கு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். பார்க்கிறாளே, பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

அடுத்த கோடையில் அக்காவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டியிருந்தது. அவள் மாமியார், "செத்தவன் நிக்கிற வூட்டுக்குப் புள்ளத்தாச்சிய அனுப்ப மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினாள். டிவியை விற்றுவிடலாமா, துணி போட்டு மூடலாமா என்று நான் கேட்டேன். அம்மா, "அவன் நிக்கிறது அவன் வூட்ல. அவங்களுக்கு இன்னா?" என்று ஒரே பேச்சாக முடித்தாள். அதற்காக மகளையும் விடத் தயாராக இருக்கிறாளோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கடைசியில் மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு அக்காவே வந்து இறங்கினாள். நிறைமாத வயிற்றோடு டிவிக்கு எதிரில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மா, அண்ணன் மூஞ்சி எங்கம்மா? சட்டதான இருக்குது."

அம்மா முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

"தெரியும்டி."

"தெரிஞ்சா அப்புறம் இன்னாத்தம்மா பாக்கற, தெனம் தெனம்?"

"மூஞ்சி எனக்கு எதுக்கு? பெத்தவளுக்கு மறக்குமா?" என்றாள் அம்மா. "அந்த பக்கெட்டத்தான் பாக்கறேன். பொறந்ததுலேர்ந்து எதையாச்சும் தூக்கினேதான் இருந்தான். போயும் தூக்கினே நிக்கிறான். யாராச்சும் வாங்கிக்க மாட்டாங்களான்னு பாக்கறேன்."

அம்மா முறத்தை வைத்துவிட்டு எழுந்து போய், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து அந்த சிடியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள்.

"போடு. கை வலிக்கும் அவனுக்கு. எறக்கி வெச்சிட்டு ஒக்காரட்டும்."

போட்டேன். வெள்ளை அறை முழுக்கப் பரவியது. நடுப்பகல் உப்பளத்தில் நிற்பதுபோல் இருந்தது. அம்மா பழக்கத்தில் கையைப் புருவத்துக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டாள். அந்த வெள்ளைக்குள் சாம்பல் நிறத்தில் சட்டையும் வாளியும் நின்றன. அவை உடனே போய்விடவில்லை. நாள் போகப் போக, எப்போது என்று சொல்ல முடியாதபடி, கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தன. ஒரு நாள் அம்மா பக்கத்தில் போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். நான் அணைத்தேன். அதே வாரத்தில் அக்காவுக்குப் பையன் பிறந்தான்.

இப்போது நான் இருக்கும் ஊரில், என் வீட்டு டிவி அதைவிடப் பெரிது, அட்டைபோல மெல்லியது. சுவருக்கும் நாற்காலிக்கும் நடுவே தூரமும் இருக்கிறது. உட்கார்ந்துதான் பார்க்கிறேன். பல நேரம் என்ன பார்த்தேன் என்றே நினைவிருப்பதில்லை.

போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போனேன். தோளில் பை, ஒரு கையில் பழம், இன்னொரு கையில் அவளுக்கு மாத்திரை. வாசலில் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றபோது, எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் சுமையோடு ஒருவன் நிற்பது தெரிந்தது. அம்மா அடுப்புக்கு முன்னாலிருந்து திரும்பிப் பார்த்தாள். எப்போது வந்தாய் என்று கேட்கவில்லை, எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. யார் வந்து அந்த வாசலில் நின்றாலும் முதலில் சொல்வதைத்தான் என்னிடமும் சொன்னாள்.

"கையில இருக்கறத எறக்கி வை. வந்து ஒக்காரு."