மூன்றாம் ரேங்கும் திருமுக்கூடலும்

எங்கள் வீட்டு ரேங்க் கார்டுகளில் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். மாலையில் வீட்டுக்கு வந்ததும் கை மையை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துக்கொண்டே கார்டைக் கேட்டு வாங்குவார் என்பதால், மஞ்சள் நிறக் கெட்டித்தாளில் அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கட்டைவிரல் தடம் எண்ணெயாக ஊறியிருக்கும். அந்தக் கார்டுகள் அச்சானதும் அவருடைய அச்சகத்தில்தான். கட்டங்கள் கோணலாக விழுந்ததால் கழித்துப்போட்டவற்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார்; அம்மா அவற்றின் மேல் மளிகைச் சீட்டு எழுதுவாள். 'தமிழ்' என்று அச்சிட்ட கட்டத்துக்கு எதிரே துவரம்பருப்பு அரைக் கிலோ என்றும், 'கணிதம்' என்பதற்கு எதிரே மிளகாய் நூறு என்றும் எழுதிய கார்டுகளை எடுத்துக்கொண்டு நான் பிள்ளையார்பாளையத்துக் கடைக்குப் போயிருக்கிறேன்.

கோடை விடுமுறையில் ஒரே ஒரு நாள் நாங்கள் நான்கு பேரும் வெளியூர் போவோம். காலையில் போய் மாலையில் திரும்பும் அந்தப் பயணத்துக்கு எங்கள் வீட்டில் 'டூர்' என்று பெயர். எங்கே போவது என்பதற்கு அப்பா ஒரு விதி வைத்திருந்தார். முழு ஆண்டுத் தேர்வில் முதல் மூன்று ரேங்குக்குள் வந்த பிள்ளை இடத்தைச் சொல்லலாம். சொன்ன இடத்தை அவர் மறுக்க மாட்டார். யாரும் வராவிட்டால் அவர் சொல்லும் இடம், அது தாமல் ஏரிக்கரையாக இருக்கும். என்னைவிட நான்கு வயது மூத்த அண்ணன் குமார் ஆண்டு தவறாமல் முதல் ரேங்க் வாங்கினான். மகாபலிபுரம், வண்டலூர் என்று அவன் சொன்ன இடங்களுக்கெல்லாம் போனோம். ஒரு முறை வேடந்தாங்கல் என்று சொல்லிவிட்டான். மே மாதத்தில் அங்கே ஒரு பறவையும் இருக்காது என்று தெரு முழுக்கச் சொன்னார்கள். "அச்சுல ஏத்தின பிறகு எழுத்த மாத்தறவன் தொழில்காரன் இல்ல" என்று சொல்லி அப்பா எங்களை அழைத்துப்போனார். வறண்ட ஏரியையும் வெறும் மரங்களையும் பார்த்துவிட்டு, புளிச்சோறு சாப்பிட்டுத் திரும்பினோம்.

அம்மாவுக்கு ரேங்க் கார்டு கிடையாது. அதனால் அவள் எந்த இடத்தையும் சொன்னதில்லை.

ஆனால் அவளுக்குப் போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அவளுடைய ஒரே அக்கா சரோஜா, எங்கள் பெரியம்மா, திருமுக்கூடலில் வாழ்ந்துகொண்டிருந்தாள். பேருந்தில் போனால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாத ஊர். எனக்கு ஐந்து வயதிருக்கும்போது பெரியம்மா மகளின் கல்யாணத்தில், முதல் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்துவிட்ட அப்பாவைப் பெரியப்பா தோளைத் தொட்டு, "நீங்க நம்ம ஆளு, மாப்பிள்ள வூட்டுக்காரங்க முன்னாடி சாப்பிட்டுக்கட்டும்" என்று எழுப்பிவிட்டார். அப்பா எழுந்து, கை நனைக்காமல், மண்டபத்தை விட்டு வெளியே வந்து, அம்மாவையும் எங்களையும் கூப்பிட்டுக்கொண்டு பேருந்து ஏறினார். அதன் பிறகு அந்த ஊரின் பெயரை அவர் எடுக்கவில்லை. எடுக்கக்கூடாது என்றும் அவர் சொல்லவில்லை. பெரியம்மாவுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து நடமாட்டம் குறைந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்ன அன்று, அம்மா அவரிடம் ஒரு முறை கேட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இரண்டாம் முறை அவள் கேட்கவில்லை.

நான் ஆறாம் வகுப்புப் படித்த ஆண்டு அண்ணன் பத்தாம் வகுப்பில் இருந்தான். அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ரேங்க் கார்டு வராது. முடிவு வருவதற்குள் எங்கள் 'டூர்' முடிந்துவிடும். அதாவது அந்த ஆண்டு இடம் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் வர முடியும், நான் மூன்று ரேங்குக்குள் வந்தால். இதை அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். அரையாண்டில் நான் எட்டாவது ரேங்க். பொங்கல் முடிந்த மறுநாள் அவள் என்னை அடுப்படியில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள்.

"உங்கண்ணன்கிட்ட சொன்னா அப்பாகிட்ட ஒளறிடுவான். நீ மூணுக்குள்ள வந்துடு பாப்பா. வந்துட்டு, உங்கப்பா எடம் கேக்கும்போது திருமுக்கூடல்னு சொல்லு. பெரியம்மா பேர எடுக்காத. எடுத்தா அவரு முறுக்கிக்குவாரு. அங்க பெருமாள் கோயில்ல நெறைய கல்வெட்டு இருக்குதாம், டீச்சர் சொன்னாங்க, கோயில் பாக்கணும்னு சொல்லு. அங்க போய் எறங்கிட்டா அப்புறம் நான் பாத்துக்கறேன்."

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்குப் பாடம் சொல்லித்தர அவளால் முடியாது. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அதனால் புத்தகத்தைத் தன் மடியில் விரித்துக்கொண்டு என்னை ஒப்பிக்கச் சொல்வாள். நான் சொல்லச்சொல்ல அவள் விரல் வரியோடு நகரும். ஒரு வார்த்தை விட்டுப்போனால் விரல் நின்றுவிடும். "அதுல 'ஆகவே'னு ஒண்ணு இருக்குது, அத எங்க தின்ன?" என்பாள். பொருள் தெரிகிறதா என்று கேட்க அவளுக்குத் தெரியாது, எனக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுத் தறிச்சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, பங்குனி முடியும்வரை, புத்தகத்தில் இருந்தது இருந்தபடி நான் ஒப்பித்தேன். இடையிடையே பாடங்களைப் போலவே அந்த வாக்கியத்தையும் என்னிடம் கேட்டுச் சரிபார்த்தாள்: கோயில்ல நெறைய கல்வெட்டு இருக்குதாம், டீச்சர் சொன்னாங்க.

மூன்றாம் ரேங்க் வந்தது. அப்பா கார்டை இரண்டு முறை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "எட்டுல இருந்து மூணா! இன்னாமா, யாரு பேப்பரப் பாத்து எழுதின?" என்று சிரித்தார். அவர் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தது எனக்குப் புதிது. "இவளா எடம் சொல்றது? பள்ளிக்கூட மைதானம்னு சொல்லுவா பாரு" என்றான் அண்ணன். நான் திருமுக்கூடல் என்றேன். கல்வெட்டையும் டீச்சரையும் வார்த்தை தவறாமல் சொன்னேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. அப்பாவின் சிரிப்பு நின்றது. அம்மாவின் பக்கம் ஒரு கணம் பார்த்தார். பிறகு, "சரி. சொன்னது சொன்னதுதான்" என்றார்.

அந்த வாரம் முழுவதும் அம்மா மெல்லிய குரலில் பாடிக்கொண்டே வேலை செய்தாள். பெரியம்மாவுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் என்றால் உயிர் என்று சொல்லி, ஒரு சிறிய கண்ணாடிப் பாட்டிலில் அதை நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, சோற்றுத் தூக்குக்கு அடியில் கூடையில் வைத்தாள். கூடவே ஒரு ரவிக்கைத் துணியும் மஞ்சளும் வைத்ததை நான் பார்த்தேன்.

வாலாஜாபாத் வழியாகப் போகும் பேருந்தில் பழையசீவரத்தில் இறங்கி, பாலாற்றைக் குறுக்கே நடந்துதான் அக்கரைக்குப் போக வேண்டும். ஆற்றில் தண்ணீர் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மணல். காலை ஒன்பது மணிக்கே அது சுடத் தொடங்கியிருந்தது. செருப்புக்குள் மணல் புகுந்ததால் நானும் அண்ணனும் ஓடினோம். எங்கள் இருவரையும்விட வேகமாக அம்மா நடந்தாள்.

கோயிலில் அப்பா சுவரிலிருந்த கல்வெட்டுகளை ஒரு மணி நேரத்துக்கும் மேல் பார்த்தார். அவர் படிக்க முயலவில்லை; எழுத்துகளின் வரிசையைப் பார்த்தார். "இத்தினி வரியில ஒரு எழுத்துகூட சாயல பாரு குமாரு" என்று விரலால் தொட்டுத்தொட்டுக் காட்டினார். அது நடிப்பு என்று நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. அவருக்கு அது உண்மையாகவே பிடித்திருந்தது. அம்மா கூடையோடு கோயில் வாசலில் நின்றுகொண்டு தெருப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து, வேப்பமரத்தை அடுத்துப் பெரியம்மாவின் ஓட்டு வீடு தெரிந்தது. அவள் சொல்லவில்லை, அவள் பார்த்த திசையை வைத்து நானே கண்டுகொண்டேன்.

பிறகு அப்பா எங்களை ஆற்றங்கரை மரநிழலுக்கு அழைத்துப்போய்த் துணி விரித்தார். அம்மா தூக்கைத் திறந்து தயிர்ச்சோறு போட்டாள். "அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவள் எப்போது பேசப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். இரண்டு முறை அவள் "ஏங்க" என்று தொடங்கினாள். முதல் முறை அவர், "உப்பு கம்மி" என்றார். இரண்டாம் முறை, "தொட்டுக்க ஒண்ணும் எடுத்தாரலையா? கூடைல ஏதோ பாட்டில் இருந்துச்சே" என்றார். அம்மா கூடைக்குள் கைவிட்டு, பாட்டிலை எடுத்து, வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, நார்த்தங்காய்த் துண்டு ஒன்றை அவர் இலையில் வைத்தாள். எங்களுக்கும் வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெண்மணி அந்த வழியாக வந்தாள். அம்மாவைப் பார்த்து நின்றாள்.

"ஏம்மா, நீ சரோசா தங்கச்சி இல்ல? எத்தினி வருசமாச்சு! அக்கா வூட்டுக்கா?"

"கோயிலுக்கு வந்தோம்மா" என்றார் அப்பா. "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"பஸ்ஸு எங்க ஓடிப்போவுது? இதோ இருக்குது வூடு, இங்க இருந்து கூப்ட்டா கேக்கும். நடக்க முடியாம கட்டில்ல கெடக்குது அது. எட்டிப் பாக்காம போவீங்களா? மணல்ல உக்காந்து சோறு துன்றீங்களே, ஊர்ல வூடு இல்லாதவங்க மாரி!"

அப்பா இலையை மடித்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "இந்த வருசம் எடம் சொன்னது பாப்பாதான். அவளையே கேளுங்க. எதுக்கு வந்தோம்னு அவ சொல்லட்டும்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவின் கண்கள் அகலத் திறந்திருந்தன. அவள் என்னிடம் கேட்டது என்னவென்று இன்று எனக்குப் புரிகிறது. அன்று எனக்கு, புத்தகம் அவள் மடியில் விரிந்திருப்பதுபோல, அவள் விரல் வரியின் தொடக்கத்தில் காத்திருப்பதுபோல இருந்தது. பெரியம்மா பேரை எடுக்காதே என்று அவள் சொன்னது நினைவிருந்தது. ஒரு வார்த்தையும் விட்டுவிடாமல் சொன்னேன்: "பெருமாள் கோயில்ல நெறைய கல்வெட்டு இருக்குதாம், டீச்சர் சொன்னாங்க. கோயில் பாக்கத்தான் வந்தோம்."

"அப்படி சொல்லு" என்று முகத்தைச் சுளித்தாள் அந்தப் பெண்மணி. ஆட்டை அதட்டிக்கொண்டு தெருப்பக்கம் போனாள். வேப்பமரத்தைத் தாண்டி அவள் பெரியம்மா வீட்டுப் பக்கம் திரும்பியதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா ஏன் என்னைக் கேட்டார் என்பதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் இருக்கின்றன. நான் சிறுபிள்ளை, பயந்து வாயைத் திறக்க மாட்டேன் என்று கணக்குப் போட்டுக் கேட்டிருக்கலாம். அல்லது, தானாக அந்த வீட்டுப் படி ஏற முடியாத மனிதர், பிள்ளை சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டேன் என்று சொல்லிக்கொண்டு ஏறுவதற்கு ஒரு வழி தேடியிருக்கலாம். எது உண்மை என்று சொல்லாமலே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் கேட்கவில்லை.

திரும்பும்போது மணலில் அம்மா கடைசியாக வந்தாள். பேருந்தில் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "நீ ஒண்ணும் தப்பா சொல்லல. நான் சொல்லிக்குடுத்தத சொன்ன" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. வராமலே இருந்திருந்தால் வரமுடியாத நிலைமை என்று பெரியம்மா நினைத்திருப்பாள். ஊருக்குள் வந்து, கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவளை என்னவென்று நினைப்பாள்? "கோயில் சாமி கண்ணுக்குத் தெரிஞ்சவளுக்கு என் வூட்டுக் கதவு தெரியலையா" என்று கேட்டாளாம். அந்தக் கேள்வி பத்து நாளில் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. அம்மா மூன்று கடிதங்கள் எழுதினாள். அஞ்சல் பெட்டியில் போட்டது நான்தான். பதில் வரவில்லை. என் கல்யாணத்துக்கும் அப்பாவின் சாவுக்கும் அங்கிருந்து யாரும் வரவில்லை. பெரியம்மா அதன் பிறகும் நெடுநாள் இருந்தாள். அவள் இறந்த செய்தி தொலைபேசியில் வந்தபோது, காரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "உசுரோட இருக்கும்போது ஏறாத படி" என்று சொல்லிவிட்டு அம்மா குளிக்கப் போனாள்.

சென்ற பங்குனியில் பத்திரிகை வேலையாகப் பாலாற்றங்கரைக்குப் போக வேண்டியிருந்தது. இப்போது ஆற்றின் மேல் பாலம் இருக்கிறது. யாரும் நடந்து கடப்பதில்லை. நடக்கவும் மணல் இல்லை. அள்ளியது போக, நாங்கள் துணி விரித்த கரைக்குக் கீழே முள்மரமும் பள்ளமும் களிமண்ணும்தான் இருக்கின்றன. என் மகளின் பள்ளியில் ரேங்க் போடுவதில்லை. விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று அவள் கைபேசியில் பார்த்துச் சொல்கிறாள். அவள் சொல்லுக்குப் பின்னால் யாருடைய காத்திருப்பும் இல்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு.

கோயில் வாசலிலிருந்து அந்த வீட்டுக்கு நடந்தேன். நான்கு நிமிடம் ஆனது. ஓடு போய் மாடி வந்திருந்தது. பெரியம்மாவின் மருமகள் கதவைத் திறந்தாள். நான் யார் என்று சொன்னதும் உள்ளே வரச் சொன்னாள்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது காது மந்தம். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் யார் இருந்தார்கள், பெரியம்மா எந்த அறையில் படுத்திருந்தாள் என்று எதையும் அவள் விசாரிக்கவில்லை.

"என்னா குடுத்தாங்கோ?" என்று கேட்டாள்.

"மோரு."

"நின்னுக்கினு குடிச்சியா, உக்காரச் சொன்னாங்களா?"

"உக்காரச் சொன்னாங்கமா. உக்காந்துதான் குடிச்சேன்."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். சற்று நேரம் கழித்து, சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல, அதையே மறுபடியும் சொல்லச் சொன்னாள்.