பத்தொன்பதாவது சேர்மத்துக்கு ஒரு திருத்தம்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல்.

காசநோய்க்குப் புது மருந்து தேடும் வேதியியல் கூடம் அது. அதன் தலைவரை எல்லோரும் 'மேதை' என்பார்கள், முதுகுக்குப் பின்னால், சிரித்துக்கொண்டே. குடுவையில் எதைக் கலந்தாலும் அவருக்கு மட்டும், கலந்ததில் எழுபது சதவீதத்துக்கு மேல் மருந்தாகத் தேறிவிடும்! எழுதும்போது எண்ணை ஏற்றிவிடுவார். அவ்வளவுதான் அந்த மேதைமை.

மறுநாள் நிபுணர் குழு வருகிறது. அவர்கள் தலையசைத்தால் அவர் இயக்குநர். இல்லையென்றால் கூடத்தையே மூடிவிடுவார்கள். பத்தொன்பதாவது சேர்மத்தில் கிடைத்ததோ பதினொரு சதவீதம். குறிப்பேட்டில் கூச்சநாச்சமில்லாமல் 71 என்று எழுதினார். கதவைப் பூட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

3.20. திரும்பி வந்தால், 71-இன் மேல் ஒரு கோடு. பக்கத்தில் 11. கீழே சுருக்கொப்பம், தேதி. கூடத்தில் தவறைத் திருத்தும் முறை அதுதான். அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு ஒப்பமிட வேண்டும்.

கூடத்தின் பெண் உதவியாளருக்குப் போன் போட்டார்.

"என் நோட்டுல கை வச்சீங்களா?"

"நான் ஊர்லயே இல்ல சார். சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"தண்டச்சோறுங்க..." என்று முனகிக்கொண்டே வைத்தார். பக்கத்தைக் கிழித்தார். புதுப் பக்கத்தில் மறுபடி 71.

3.34. முதுகுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

க்ஹும்... க்ஹும்...

சளி கட்டிய இருமல். திரும்பினார். யாருமில்லை.

குனிந்தார்.

கோடு. 11.

மை காயவில்லை...

ஓடினார்.

மறுநாள் குழு இரும்பு அலமாரியைத் திறந்தது. பதினாறு பழைய குறிப்பேடுகள். ஏற்றி எழுதிய ஒவ்வோர் எண்ணின் மேலும் கோடு, அதே ஒப்பம். குழுவில் இருந்த கிருமிச் சோதனைக்கூடத்து அம்மாவுக்கு முகம் வெளுத்தது.

"இது எங்க ஆளோட ஒப்பம். நீங்க அனுப்புறத கிருமி மேல சோதிச்சவரு. எழுபது சதவீதம்னு எழுதுறாங்க, அனுப்புறது மட்டும் ஏன் ஒரு சிட்டிகைனு கேட்டுட்டே இருப்பாரு. அந்தக் கிருமியே தொத்தி, போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு."

ஒப்பத் தேதிகள் எல்லாம் அந்தச் சாவுக்குப் பிந்தியவை.

குழு குறிப்பேடுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு போனது. கோடுகளுக்குப் பக்கத்தில் இருந்த 9, 14, 6... அத்தனையும் சரியான எண்கள். அவற்றை மேதை எங்கேயும் எழுதி வைத்ததில்லை. ஒருவரிடமும் சொன்னதில்லை.