மிச்சமிருந்த ஒரு சொல்

பஸ் டிரைவருக்கு வீட்டில் பிடித்த சொல் ஒன்றுதான்: "போதும்." அவர் மனைவி தையல்காரி. கடையில் நடந்ததை அவள் சொல்ல ஆரம்பிப்பாள். பாதியில் "போதும்" விழும். அவள் வாய் மூடிக்கொள்ளும், கை மட்டும் மிஷினில் ஓடும். அடி கிடையாது, வசவு கிடையாது. அந்த ஒரு சொல்லிலேயே பாதி ஆயுசு குடும்பம் ஓடிவிட்டது.

பக்கவாதம் வந்து அவருக்கு வலப்பக்கம் விழுந்தபோது பேச்சும் போனது. கொஞ்ச நாளில் நாக்கு புரண்டது. வந்ததும் அதே சொல்தான்.

"இத்தனை வார்த்தை இருக்க, இதைத்தானா பத்திரமா வச்சிருந்தீங்க?" என்றாள்.

"போதும்" என்றார்.

ஊட்டும்போதும் அதையே சொன்னார். அவள் கிண்ணத்தை எடுத்துவிடுவாள். அவர் சட்டை தொளதொளத்தது, பிடித்துத் தைத்தாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த நர்ஸின் கண்ணில் முதலில் பட்டது அந்தத் தையல்தான்.

"ஏம்மா, சாப்பாடு கொடுக்கிறியா இல்லையா?"

"போதும்னு சொல்றாரே."

"அவருக்கு வர்றது அது ஒண்ணுதான். பசிச்சாலும் அதுதான், தண்ணி வேணும்னாலும் அதுதான். வார்த்தையை விட்டுட்டு மூஞ்சியைப் பாரு."

"அந்த மூஞ்சியை நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லையே, சிஸ்டர்."

"இப்போ பாரு. எழுந்து வந்து அதட்டவா போறாரு?"

பார்த்தாள். "போதும்" என்ற பிறகும் வாய் திறந்தே இருந்தது. கிண்ணம் காலியானது. சில வாரங்களில் சட்டைத் தையலைப் பிரித்துவிட்டாள்.

சாப்பாட்டு விஷயம் அதோடு சரியாயிற்று. பேச்சு விஷயம் ஆகவில்லை. மிஷினைக் கட்டிலருகே போட்டுக்கொண்டு ஏதாவது சொல்லத் தொடங்குவாள். "போதும்" என்பார். நர்ஸ் சொன்னது புத்திக்கு எட்டியிருந்தது. ஆனாலும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் பழைய ஆள் எதிரில் வந்து நிற்பார். நிறுத்திவிடுவாள்.

அவருடைய கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், "அந்த டீச்சரம்மா மறுபடியும் சட்டை இறுக்குதுன்னு வந்தாங்க. உடம்பு பெருத்தா ஊசி என்ன பண்ணும்? நான் என்ன பண்ணேன் தெரியுமா..." என்று ஆரம்பித்தாள். "போதும்" என்றார். நிறுத்தினாள். அவர் இடக்கையால் அவள் தைத்துக்கொண்டிருந்த துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். துணி கசங்குமே என்று விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். கண் ஊசியில் இருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு நாத்தனார் வந்து, "கடைசி வரைக்கும் அண்ணனுக்கு ஒரு குறையும் வைக்கல, அண்ணி" என்றாள்.

"சாப்பாட்டுல வைக்கல" என்றாள் தையல்காரி. "அந்த டீச்சரம்மா சட்டையை நான் என்ன பண்ணேன்னு அவருக்குத் தெரியாமலே போச்சு."