பவர் பட்டன் மேல் சந்தனப் பொட்டு

பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து ஓட வைப்பது என் பொழுதுபோக்கு. ஆனால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய எங்கள் சொந்தக் கம்ப்யூட்டர் என்னைப் பாடாய்ப் படுத்தியது. சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும். சில நொடிகளில் அணைந்துவிடும். திருச்சிக் கடைகளில் அலைந்து பவர் சப்ளையை மாற்றினேன், ராம் மெமரியை மாற்றினேன். அதே கதைதான்.

"ஆயுத பூஜைக்குள்ள ஓடலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுடறேன்" என்றார் கணவர்.

பூஜையன்று காலையிலும் அணைந்தது. ஆத்திரத்தில் அதன் முன்பக்கத்தில் ஓங்கி ஓர் அறை விட்டேன். காய்ந்த சந்தனம் உதிர்ந்து, உள்ளே சிக்கிக்கிடந்த பவர் பட்டன் டக்கென்று வெளியே வந்தது. பட்டனைச் சில நொடிகள் விடாமல் அழுத்தினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்; இத்தனை நாளும் அது அழுந்தியபடியே கிடந்ததால்தான் அணைந்திருக்கிறது! இப்போது அழுத்தினேன். ஓடியது, அணையவே இல்லை.

"வருஷா வருஷம் பட்டன் மேலயா பொட்டு வைப்பீங்க?" என்று கத்தினேன்.

"அதுக்கு உயிரே அங்கதானே இருக்குன்னு வெச்சேன்" என்றார், கையில் புதுச் சந்தனக் கிண்ணத்தோடு.

"கிட்ட வராதீங்க!"

விரலில் எடுத்துவிட்ட சந்தனத்தை என்ன செய்வதென்று விழித்தவர், அதை என் நெற்றியில் வைத்தார்.

இன்னும் கத்தலாம் என்றுதான் இருந்தேன். எங்கள் வீட்டில் ஸ்கூட்டருக்குப் பொட்டு உண்டு, மிக்ஸிக்கும் உண்டு. அவற்றையெல்லாம் ரிப்பேர் பார்க்கிற எனக்கு அன்றுதான் முதல் பொட்டு.