தேய்க்காமல் விட்ட கை

பெரார்கஞ்சில் களத்து நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தேன். பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரே வரப்பில் இறங்கி வந்தார். "அம்மா, போர்ட் பிளேர் லம்பா லைன்ல உங்க அண்ணன் காலமாயிட்டாரு. அப்படியே ஏறுங்க" என்றார். காலில் ஒட்டிய பதரைக்கூடத் தட்டாமல் ஏறினேன்.

என் அண்ணன் நாகலிங்கம் அவர்களைப் போர்ட் பிளேரில் பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ராமநாதபுரத்திலிருந்து அந்தமானுக்குக் கப்பலேறி வந்தவர். வயலுக்கு வரும் மானையும் பன்றியையும் விரட்டக் குடியேறிகள் வைத்திருந்த துப்பாக்கிகளைப் பழுது பார்த்தார். இந்த உப்புக் காற்றில் ஆணிகூட ஒரு மழைக்காலம் தாங்காது. அண்ணன் கைபட்ட இரும்பு தாங்கும். கூடப்பிறந்தவர் என்பதற்காகச் சொல்லவில்லை. வங்காளிகளும் மலையாளிகளும் அவர் பட்டறையைத்தான் விசாரித்துக்கொண்டு வருவார்கள்.

அந்தப் பெயர்தான் அவரைக் கெடுத்தது.

ஜுபைதா என்று ஒரு பெண், தீவிலேயே பிறந்தவர். ஜப்பான்காரன் தீவைப் பிடித்திருந்த காலத்தில் துப்பாக்கியை ஒப்படைக்காமல் தோப்பில் புதைத்துவிட்டார் என்று அவருடைய தகப்பனாரை இழுத்துப்போனார்கள். உடம்பு கிடைக்கவில்லை. பல வருஷம் கழித்துத் தென்னங்கன்றுக்குக் குழி வெட்டியபோது, தார்ச்சாக்கில் சுற்றிய அந்தத் துப்பாக்கிதான் கிடைத்தது. ஜுபைதா அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் பட்டறைக்குத் தூக்கி வந்தார்.

"துரு இன்னும் தின்னாம பாத்துக்குங்க, பாயி சாப். வேற ஒண்ணும் வேணாம்."

அண்ணன் சரி என்றார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். மண்ணெண்ணெயில் ஊறவைத்தார், உப்புத்தாளால் தேய்த்தார். பிடிக்கட்டை விரிந்து, செம்புக் கம்பி சுற்றிக் கிடந்தது. அதைக் கம்பியோடு கழற்றி என் மதினியிடம் அடுப்புக்குக் கொடுத்துவிட்டு, படாக் மரத்தில் புதுக்கட்டை போட்டார். குழல் கண்ணாடி மாதிரி மின்னியது.

ஜுபைதா வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். அவர் துப்பாக்கியைத் தொடவே இல்லை.

"யே கிஸ்கா ஹை? இது யாரோடது?"

"உங்க அத்தாவோடதுதாம்மா."

"கட்டை விரிஞ்சப்போ அப்பா கம்பி சுத்தினாங்க. நான்தான் ஒரு முனையைப் புடிச்சிருந்தேன். அது எங்கே?"

மதினி அடுப்பைப் பார்த்தார்.

"அப்பாவைப் புதைச்ச கபர்னு ஒண்ணு இல்லே, பாயி சாப். இதுதான் இருந்துச்சு."

துப்பாக்கியை விட்டுவிட்டே போய்விட்டார். அண்ணன் சாம்பலைச் சல்லடையில் சலித்தார். கருகிய கம்பித் துண்டுகள் கிடைத்தன. ஜுபைதா வீட்டு வாசலில் கொண்டுபோய் நின்றார். அவர் அவற்றை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்தினார்.

அதன்பிறகு பழைய துப்பாக்கி எது வந்தாலும், "வேட்டைக்கின்னா சரி பண்றேன். செத்தவங்க துப்பாக்கின்னா எண்ணெய் மட்டும்தான் போடுவேன்" என்பார். ஒரு கான்ட்ராக்டர், தன் வீட்டுக் கூடத்தில் மாட்ட ஒரு ஜப்பான் துப்பாக்கியைப் பளபளப்பாக்கச் சொன்னார். அண்ணன் மறுத்தார்.

"என்னய்யா, துருவுக்குக் கோயில் கட்டுறியா?"

"கோயில்னு தெரியாம ஒண்ண இடிச்சவன்யா நான். நீங்க வேற ஆளப் பாருங்க."

வந்த கூட்டம் குறைந்தது. தெருவில் ஜுபைதா எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பார். அந்தப் பெண் பார்க்காமல் கடந்துவிடுவார். "ஒரு வார்த்தை திட்டிட்டாக்கூடப் பரவால்ல தாயி" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தத் திட்டும் கிடைக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணனை வாசல் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். தலையில் எண்ணெயும் சீயக்காயும் நான்தான் வைத்தேன். விரல் இடுக்கெல்லாம் துரு ஏறிக் கறுத்திருந்தது. "மாமா சுத்தமாப் போகட்டும்மா" என்று என் மகள் தேங்காய் நாரை எடுத்தாள்.

"வேணாம் பேட்டி, வேணாம் மகளே."

வேலியோரம் ஜுபைதா நின்றிருந்தார், முக்காட்டைப் பிடித்துக்கொண்டு. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"ரெஹ்னே தோ. அந்தக் கையைத் தேய்க்காதே. அப்படியே இருக்கட்டும்."

என் மகள் நாரைக் கீழே போட்டாள். நான் அண்ணன் விரல்களில் கொஞ்சம் எண்ணெய் மட்டும் தடவினேன்.

அண்ணே, நீங்கள் கேட்ட வார்த்தை வந்துவிட்டது. அதைக் கேட்கத்தான் நீங்கள் இல்லை. அந்தக் கையோடே போய் வாருங்கள்.